முப்பதடி தள்ளிச் சொன்னது

பெரம்பலூர் தியேட்டரில் காலைக் காட்சி. மொத்தம் பதினோரு பேர் இருந்தோம். படம் போட இருபது நிமிஷம் தாமதம், வேறு வேலையில்லாமல் எண்ணிப் பார்த்தேன். ஏ.சி. போடவில்லை. கேட்டதற்கு டிக்கெட் கிழிக்கிறவர், "அம்பது பேராவது வந்தாத்தாம்மா ஏ.சி. அதான் ஃபேன் ஓடுதுல்ல" என்றார். ஓடத்தான் ஓடியது. எங்கள் பக்கம் காற்று வரவில்லை, அவ்வளவுதான்.

முன் வரிசையில் ஒருவர் போனில் போர்வெல் பைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். படம் ஆரம்பித்தும் நிறுத்தவில்லை. "ரெண்டு இஞ்ச் இல்லப்பா, ரெண்டரை" என்று அவர் நாலாவது தடவை சொன்னபோது, நானே போய் அந்தப் பைப்பை வாங்கிக் கொடுத்துவிடலாமா என்று தோன்றியது. பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரர். புகையிலை விளம்பரம் முடிவதற்குள் தூங்கிவிட்டார். தூங்கும் முன், "உன் ஆளு வந்தா எழுப்பு" என்று சொல்லியிருந்தார்.

ஆள் வந்தார். முந்திரிக்காட்டு மணல் பாதை. உச்சி வெயில். கறுப்புக் குடை. அந்தக் குடையைப் பிடித்த கை கொஞ்சம் தாழ்வாக, காதை மறைக்கிற மாதிரி. என் அப்பா அப்படித்தான் பிடிப்பார். நான் வீட்டுக்காரரை எழுப்பவில்லை. அவர் தொடையைக் கிள்ளினேன், அவராகவே எழுந்துகொண்டார்.

அந்தப் படத்தை நான் ரசிக்கப் போகவில்லை. குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனேன். அரியலூரில் மூன்றாம் நாளே தூக்கிவிட்டதால் பஸ் ஏறிப் பெரம்பலூர் வரை போக வேண்டியிருந்தது. வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி, புழுதி. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அரியலூரில் அந்தப் படத்துக்குப் பாராட்டுக் கூட்டம். அதில் நானும் பேச வேண்டும். படமாக்கப்பட்ட நாவலை எழுதியவன் என் தம்பி சவரிநாதன். நாவலில் வருகிற உபதேசியார் எங்கள் அப்பா. அந்த நாவலில் ஒரு பொய் இருக்கிறது. ஆறு வருஷமாக அந்தப் பொய்யினால் எனக்கும் அவனுக்கும் பேச்சு இல்லை. மறுநாள் மேடையில், அவனை வைத்துக்கொண்டே, அதைப் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

குடையை எடுத்தால் கிளம்பிவிட்டார்

உபதேசியார் என்றால் யார் என்று கேட்டுப் போன மாதமே இந்தப் பத்திரிகைக்கு மூன்று பேர் கடிதம் எழுதியிருந்தார்கள். எழுத வாகாக இப்போதுதான் இடம் வந்தது.

வரதராசன்பேட்டைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். முந்திரிக்காட்டுக்குள் சின்னதாக ஒரு மாதா கோயில். சாமியார் மாதம் ஒரு தடவை வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் கோயிலுக்கு அப்பாதான். மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பது, செத்த வீட்டில் செபம் சொல்வது. அதுதான் உபதேசியார் வேலை. சுற்றியிருந்த ஏழெட்டு ஊரில் யார் செத்தாலும் அப்பா குடையை எடுத்துக்கொண்டு நடப்பார்.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் "போயிட்டு வரேன்" சொல்வதில்லை. இது எந்த ஊரிலும் தெரிந்ததுதான். பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். இதுபோல இன்னொரு காரியத்துக்கு இந்த வீட்டுக்கு வரவேண்டாம் என்று அர்த்தம்.

அப்பா ஒரு தடவை வாய் தவறிவிட்டார். ஒரு கிழவர் செத்த வீட்டில் செபம் முடித்து, குடையை எடுத்து, பழக்கதோஷத்தில் "அப்ப நான் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டார். எட்டாம் நாள் அதே வீட்டில் கிழவரின் தம்பி போய்விட்டார். அப்பா மறுபடியும் போனார். கூட்டத்தில் ஒரு பெண், "உபதேசியார்தான் வரேன்னு சொல்லிட்டுப் போனாரே" என்றாளாம். அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை என்று அம்மா பிற்பாடு சொன்னார்.

அன்றைக்கு நிறுத்தினார். துக்க வீட்டில் மட்டுமில்லை, எல்லா இடத்திலும். கடைக்குப் போனாலும் சரி, திருச்சிக்குப் போனாலும் சரி, அம்மாவிடம்கூடச் சொல்வதில்லை. குடையை எடுத்தால் கிளம்பிவிட்டார் என்று நாங்களாகத் தெரிந்துகொள்ள வேண்டும். சகுனம் பார்ப்பது பாவம் என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த மனுஷர் இவர். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

எனக்குத் தா.பழூரில் கல்யாணம் ஆனது. மறுவீடு முடிந்து என்னை விட்டுவிட்டு எங்கள் வீட்டார் கிளம்பினார்கள். அம்மா, சித்தி, பெரியப்பா எல்லாரும் ஒவ்வொருவராக என் கையைப் பிடித்து "போயிட்டு வரோம் பாப்பா" என்றார்கள். நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்காவது சொல்வார் என்று இருந்தேன். அவர் சுவரில் சாய்த்து வைத்திருந்த குடையை எடுத்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். வாசல் இறங்கிப் போய்விட்டார்.

வேனில் இடம் போதவில்லை. அப்பாவும் தம்பியும் மட்டும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். தம்பி அப்போது காலேஜ் முதல் வருஷம். எங்கள் மாமியார் வீடு தெருக்கோடியிலிருந்து மூன்றாவது வீடு. முப்பதடி நடந்தால் வளைவு, வளைவில் ஒரு புளியமரம். அதற்கப்புறம் வாசலிலிருந்து ஆள் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

"என்ன புஷ்பம், உங்கப்பா ஒரு வார்த்தை சொல்லாம கொள்ளாம போயிட்டாரு" என்று மாமியார் அன்று மாலையே ஆரம்பித்தார். அவர் கண்ணை மூடுகிற வரை அதை விடவில்லை. அவருக்கு நான் நூறு சமாதானம் சொன்னேன். எனக்கு ஒன்றும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

நூற்றிப் பத்துப் பக்கம் வாய் திறக்காதவர்

அப்பா போய்ப் பல வருஷம் கழித்து, சவரிநாதன் வேலையில் இருந்து ஓய்வுபெற்று உடையார்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டு, "உபதேசியார் குடை" என்று நாவல் எழுதினான். நல்ல நாவல். கோபம் வேறு, நியாயம் வேறு. முந்திரிக்கொட்டை வறுக்கிற புகையும் ஈஸ்டர் இரவின் கொசுக்கடியும் அவன் எழுதியபடியேதான் இருந்தன.

மகளைப் புருஷன் வீட்டில் விட்டுவிட்டு வருகிற இடம் வந்தது. நூற்றிப் பதினோராம் பக்கம். அதில் உபதேசியார் வாசலில் திரும்பி நின்று, "போயிட்டு வரேன் பாப்பா" என்கிறார்.

நான் புத்தகத்தை மூடிவிட்டேன். நூற்றிப் பத்துப் பக்கம் யாரிடமும் சொல்லாத மனுஷன் இங்கே மட்டும் எப்படிச் சொல்வார்? கதையாகப் பார்த்தாலே ஒட்டவில்லை. எனக்கோ அது கதையும் இல்லை. எனக்கு அவர் கொடுக்காத ஒன்றைக் கொடுத்ததாக என் தம்பி ஊருக்கெல்லாம் அச்சடித்துச் சொல்லியிருந்தான்.

அதற்கப்புறம் பார்க்கிறவர்கள் எல்லாம், "அந்த எடத்துல அழுதுட்டேன் டீச்சர்" என்றார்கள். கோயிலில், பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில். "உங்கப்பாவுக்கு உங்க மேல எவ்ளோ பாசம்." நான் சிரித்துவைப்பேன்.

சொந்தத்தில் ஒரு பிள்ளை முதல் தடவை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் அவனைப் பிடித்தேன். "அப்பா அப்புடிச் சொல்லவே இல்லடா. அந்த வரிய எடு" என்றேன். "சொன்னாருக்கா" என்றான். "வாசல்ல நின்னது நானு. எனக்குத் தெரியாதா?" "சொன்னாரு" என்றான் மறுபடியும், ஆட்டுக்கறிக் குழம்பைப் பிசைந்துகொண்டே. அந்தப் பிசைதல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. இருபது சொந்தக்காரர்கள் முன்னால், "நீ பொய்யெழுத்து எழுதுறவன்" என்று சொல்லிவிட்டேன். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். அன்றோடு பேச்சு நின்றது.

நம்ம ஆள்

இந்த நாவலைப் படமாக எடுக்கிறார்கள், உபதேசியாராக நடிப்பவர் இன்னார் என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பாதி சந்தோஷம், பாதி எரிச்சல். காரணம், அவர் நம்ம ஆள். பெயர் எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் ரசிகர்கள் ஒரு பக்கமும் எதிர் ரசிகர்கள் ஒரு பக்கமும் இந்தப் பத்திரிகைக்கு எழுத ஆரம்பிப்பார்கள், ஆசிரியர் பாவம்.

ஆசிரியர் பயிற்சியில் இருந்த காலத்திலிருந்து அவர் படம் ஒன்றையும் நான் விட்டதில்லை. எங்கள் வீட்டுக்காரர் இதை வைத்து என்னை ஓட்டாத நாள் இல்லை. குழம்பில் உப்பு கூடினால், "இன்னைக்கு டிவியில உன் ஆளு படமா?" என்பார்.

அவர் நடித்ததில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் எல்லாரும் சொல்வதைச் சொல்ல மாட்டேன். எல்லாரும் அவர் நீதிமன்றத்தில் கத்துகிற படத்தைச் சொல்வார்கள். கத்துவதற்கு ஒரு நடிகர் எதற்கு? எங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறது.

எனக்கு அவர் கண்டக்டராக வந்த படம் பிடிக்கும். வேலை போய் வீட்டில் சும்மா இருக்கிறார். தோளில் பை இல்லை. ஆனால் ஒரு தோள் மட்டும் இறங்கியே இருக்கும். படம் முழுக்க அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர் பெண்டாட்டி மட்டும் ஒரு இடத்தில் அந்தத் தோளைப் பிடித்து நிமிர்த்திவிடுவாள், அது மறுபடி இறங்கும்.

இன்னொன்று மாட்டுத் தரகர் வேஷம். சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற வழக்கம் தெரியுமல்லவா? அந்தப் படத்தில் கோபித்துக்கொண்டு போன மகனை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். அவருக்குப் பேச்சு வரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மகன் கைமேல் போடுகிறார், அதற்கு அடியில் மகன் விரலைப் பிடிக்கிறார். என்ன விலை என்றாலும் சரி, வந்துவிடு என்று எனக்குப் புரிந்தது. அந்த மகனாக நடித்தவன் அந்த நேரத்தில் பாட்டுக்குத் தலையாட்டுவதுபோல ஆட்டிக் கெடுத்துவைத்தான், அதை விடுங்கள்.

மூன்றாவது, ஜீப் ஓட்டும் போலீஸ்காரராக வந்தது. அதில் அவருக்கு வசனமே பத்துப் பன்னிரண்டு வரிதான். அதிகாரிகள் பேசுவதையெல்லாம் பின்னால் பார்க்கிற கண்ணாடியில் கேட்டுக்கொண்டிருப்பார். நடுவில் அவர் வானத்தில் பறந்து இருபது பேரை உதைத்த படங்கள் ஏழெட்டு உண்டு. அவற்றை நான் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். டிக்கெட் வாங்கியது உண்மைதான்.

மூன்றிலும் பாருங்கள், சொல்லவேண்டியதைச் சொல்லாமல் நிற்பதுதான் அவருக்குக் கைவந்த வித்தை. அப்படிப்பட்டவரைக் கொண்டுவந்து, என் அப்பா சொல்லாத ஒரே வார்த்தையைச் சொல்லவைக்கப் போகிறார்களே என்று எரிந்தது.

சாமியாருக்குக் காவி

படத்துக்குப் பெயரை மாற்றிவிட்டார்கள். "கருங்குடை". போஸ்டரில் கீழே, "ஒரு மனிதன், ஒரு மழை." நாவலில் ஒரு சொட்டு மழை கிடையாது. எங்கள் பக்கம் குடை பிடிப்பது வெயிலுக்கு. ஆனாலும் மழை பெய்தது. இரண்டு தடவை, ஒரு தடவை பாட்டோடு.

தம்பி ஒரு பேட்டியில் சொல்லியிருந்தான். "சாமியார் பஸ்ஸில் வந்து இறங்கினார்" என்று நாவலில் இருப்பதைப் படித்துவிட்டு, உடை தைக்கிறவர்கள் காவி வேட்டியும் ஒட்டுத்தாடியும் கொண்டுவந்து இறக்கிவிட்டார்களாம். "பூசைக்கு மணி அடித்தது" என்ற இடத்துக்குக் கற்பூரத் தட்டு. எங்கள் ஜனங்களுக்குச் சாமியார் என்றால் வெள்ளை அங்கி, பூசை என்றால் அப்பமும் திராட்சை ரசமும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? சினிமாவில் கிறிஸ்தவன் என்றால் கவுன் போட்டுக்கொண்டு "ஓ ஜீசஸ்" என்று சொல்ல வேண்டும். முந்திரி பொறுக்குகிற கிறிஸ்தவனை அவர்கள் பார்த்ததில்லை. நம்ம ஆள்தான் படப்பிடிப்பை அரை நாள் நிறுத்தி எல்லாவற்றையும் மாற்றச் சொன்னாராம். அவர் நாவலை இரண்டு தடவை படித்திருந்தாராம். அந்தக் கூட்டத்திலேயே படித்தவர் அவர் ஒருவர்தான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, காட்சிக்கு வருகிறேன். மகளை விடுகிற இடம்.

நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். திரையில் எல்லாரும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். நம்ம ஆள் குடையை எடுத்தார். மகளைப் பார்த்தார். உதடு ஒரு இழை பிரிந்தது. இதோ வருகிறது பொய் என்று நான் பல்லைக் கடித்தேன். அவர் குடையின் பட்டனைப் போட்டார், எடுத்தார். வாசல் இறங்கிப் போய்விட்டார்.

சொல்லவில்லை.

அப்படியே என் அப்பா. அந்தப் பட்டனைத் தவிர எல்லாம் அப்படியே. ஆனால் படம் அங்கே முடியவில்லை. கேமரா அவர் பின்னாலேயே போனது. குடையை விரித்துக்கொண்டு நடந்தார். தெரு வளைவில் ஒரு மரம். அதைத் தாண்டியதும் அந்தக் கொளுத்துகிற வெயிலில் நின்று குடையை மடக்கினார். முதுகுதான் தெரிகிறது. கொஞ்ச நேரம் நின்றார். தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. மறுபடி குடையை விரித்துக்கொண்டு போனார்.

முன் வரிசை பைப்புக்காரர், "இரு, அப்பறம் பேசறேன்" என்று போனை வைத்தார்.

"என்ன, அழுவுறியா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"ஏ.சி. இல்ல. வேர்க்குது."

"உங்கப்பா அப்புடித்தானே போனாரு. பக்கத்துல நின்னேனே நான்" என்றார். இதை ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த விருந்தில் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு சாட்சியாவது கிடைத்திருக்கும். அப்போது இவர் இரண்டாவது தடவை கறி வாங்கப் போயிருந்தார்.

மீதிப் படத்தை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. ஒன்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நாவலில் இல்லாத இதை அந்த நடிகருக்கு யார் சொன்னது? வளைவுக்கு அப்பால் நடந்தது வாசலில் நின்ற எங்கள் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அப்பாவோடு நடந்தவன் ஒருவன்தான்.

மேடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி

பத்து மணிக்குக் கூட்டம் என்று போட்டிருந்தார்கள். பதினொன்றரைக்கு ஆரம்பித்தது. கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில் மேடை. பேனரில் நம்ம ஆள் படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. நாவல் எழுதியவனின் படம் தபால்தலை அளவு, அதுவும் கண்ணை மூடியிருந்தது. நம்ம ஆள் வரவில்லை, ஷூட்டிங்காம். வராத ஆளுக்கும் ஒரு பொன்னாடை போட்டார்கள், அவர் நாற்காலிக்கு.

எங்கள் குடும்ப விவகாரம் தெரியாத யாரோ என்னையும் சவரிநாதனையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். தலைமை தாங்கியவர் உரக்கடை வைத்திருப்பவர், நல்ல மனுஷர், இலக்கிய வட்டத்துக்குத் தலைவர். நாவலைப் படிக்க நேரம் கிடைக்கவில்லை என்று ஆரம்பித்து, இந்த வருஷம் யூரியா கிடைப்பதில் உள்ள சிரமத்துக்குப் போய்விட்டார். எனக்கு அது சௌகரியமாகப் போயிற்று.

முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டேன். "யாரு சொன்னா அவருக்கு?"

ஆறு வருஷத்தில் நான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவனும் முன்னால் பார்த்துக்கொண்டே, "எவருக்கு?" என்றான்.

"நடிக்காத. குடைய மடக்குனது."

"நான்தான்."

"அப்ப வாசல்ல சொல்லலன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"பெறகு ஏன்டா 'சொன்னாரு, சொன்னாரு'ன்னு சாதிச்ச?"

"சொன்னாருக்கா. வாசல்ல சொல்லல. புளியமரத்துக்கிட்ட சொன்னாரு."

யாரோ கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம்.

தம்பி மைக் இரைச்சலுக்கு அடியில் மெதுவாகச் சொன்னான். "மரத்தைத் தாண்டுனதும் நின்னுட்டாரு. குடைய மடக்கிட்டு, 'போயிட்டு வரேன் பாப்பா'ன்னாரு. நான் அவர் மொகத்தப் பார்க்கல. எங்கிட்ட கேட்டாரு, 'அவ காதுல விழுந்திருக்குமா?'ன்னு. 'இங்கேருந்து இவ்ளோ மெதுவாச் சொன்னா எப்புடிப்பா விழும்'னேன். 'விழக்கூடாது, அதான் இங்க வந்து சொன்னேன். என் வாய் நல்ல வாய் இல்ல. அவகிட்ட சொல்லிடாத'ன்னாரு."

நான் எதிரே இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தேன். திறக்க வரவில்லை. அவன் வாங்கித் திறந்து கொடுத்தான்.

"சொல்லாதன்னாரு. அதை நாவல்ல எழுதி ஊருக்கே சொன்னியே?"

"வாசல்ல சொன்னதாத்தானே எழுதுனேன். புளியமரத்தச் சொல்லலியே. முப்பதடி முன்னாடி தள்ளிவச்சேன், அவ்ளோதான்."

இப்படி ஒரு நியாயத்தை நீங்கள் எங்காவது கேட்டிருக்கிறீர்களா? அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற இவன் பொய் எழுதியிருக்கிறான். அந்தப் பொய்யை நான் பொய் என்று கண்டுபிடித்ததற்கு ஆறு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறான்.

"எனக்குச் சொல்றதுக்கு என்னடா? அப்பா போயி எத்தன வருஷம் ஆச்சு."

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீ இருவது பேரு முன்னாடி பொய்யெழுத்துன்ன. எனக்கு ரோஷம் இருக்காதா?"

"ஒரு நடிகருக்கு மட்டும் சொன்னியே."

"அவர் கேட்டாருக்கா." தம்பி முதல் தடவையாக என் பக்கம் திரும்பினான். "'இந்த மனுஷன் வாசல்ல சொல்ல மாட்டாரே சார், அப்ப எங்க போயிச் சொல்லியிருப்பாரு?'ன்னு கேட்டாரு. நீ சொன்னாரா இல்லியான்னுதான் சண்ட போட்ட. எங்க சொன்னாருன்னு நீ கேக்கவே இல்லியே."

கேட்கவில்லைதான். அந்த ஆள் கேட்டிருக்கிறார். என் அப்பாவைக் கண்ணால் பார்த்திராத ஆள், புத்தகத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறார். வானத்தில் பறந்த ஏழெட்டுப் படத்தையும் அந்த ஒரு நிமிஷத்தில் மன்னித்தேன்.

"அடுத்து நம்ம புஷ்பம் டீச்சர் பேசுவாங்க. நேரம் ஆயிட்டதால அஞ்சு நிமிஷம்" என்றார் உரக்கடை சார். எழுதி வைத்திருந்தது பதினாறு பக்கம். கடைசி நாலு பக்கம் என் தம்பியைக் கிழிப்பதற்கு.

கண்டக்டர் தோளைச் சொன்னேன். மாட்டுத் தரகர் துண்டைச் சொன்னேன். ஜீப் கண்ணாடியைச் சொல்ல ஆரம்பித்தபோது துண்டுச்சீட்டு வந்தது. அதைக் கசக்கினேன். "இந்தப் படத்துல உபதேசியார் வாசல்ல ஒண்ணும் சொல்லல. அது உண்மை, நான் அங்க நின்னேன். நாவல்ல சொல்றாரு. அதுவும் உண்மைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பலமாகக் கைதட்டினார்கள்.

பஸ் வளைவு திரும்பியது

தக்காளிச் சாதப் பொட்டலம் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். எங்கள் வீட்டுக்காரர் மண்டபத்திலேயே யூரியா பற்றி விசாரித்துக்கொண்டு நின்றுவிட்டார். நானும் தம்பியும் மட்டும்தான். ஆறு வருஷத்துக் கதை பாக்கியிருந்தது. அவனுக்குச் சர்க்கரை வந்திருந்ததுகூட எனக்குத் தெரியாது. சர்க்கரையை வைத்துக்கொண்டு மேடையில் லட்டு தின்றதற்காக வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். அவனும் கேட்டுக்கொண்டே வந்தான்.

உடையார்பாளையம் பஸ் நின்றது. ஓடிப்போய் ஏறினான். ஜன்னலோரம் இடம் பிடித்தான். பொட்டலத்தை மடியில் வைத்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

எனக்கு வந்ததே கோபம். இவ்வளவும் பேசிவிட்டு, எல்லாம் தெரிந்துகொண்டு, இவனும் குடையை எடுத்த மாதிரி போகிறான். இந்தக் குடும்பத்தில் பிறந்ததற்கு எனக்கு என்னதான் தண்டனையோ என்று வெயிலில் நின்று பஸ்ஸின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஸ்டாண்டை விட்டு வெளியே போய், மூலையில் வளைந்து, மறைந்தது.

கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்தேன். பஸ் இரைச்சல். யாரோ டிக்கெட், டிக்கெட் என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா. போயிட்டு வரேன்."

நான் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.

"யக்கா, காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுடா" என்றேன். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு. அந்த லட்டு இன்னொண்ணு பையில வச்சிருக்க, பார்த்தேன். தூக்கிப் போடு."